தோல் வழியே ஒரு பாதை

ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து மாணவர்களுக்கு முந்திரிக் கொட்டையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் செம்மண் தோப்புகளில் மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் தொங்கும். ஒவ்வொரு பழத்தின் அடியிலும் ஒரு கொட்டை இருக்கும். பழத்தைக் கடித்துத் தின்னலாம். ஆனால் பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்தால் உதடு வெந்துவிடும். அதன் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையில் பட்டால் தோல் கறுத்து, கொப்புளித்து, உரிந்து வரும். அதனால்தான் கொட்டை உடைக்கும் பெண்கள் கைகளில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உட்காருகிறார்கள்.

இப்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாம் உப்பு நீரில் கை வைக்கிறோம். சர்க்கரைப் பாகைத் தொடுகிறோம். மணிக்கணக்கில் ஆற்றில் குளிக்கிறோம். உப்பும் சர்க்கரையும் நம் தோலைத் தாண்டி உள்ளே போய்விடுவதில்லை. ஆற்று நீரில் ஊறி நாம் உப்பிப் போவதும் இல்லை. அப்படியானால் முந்திரி ஓட்டு எண்ணெய்க்கு மட்டும் உள்ளே போக வழி எப்படிக் கிடைத்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் வேறு இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். பாட்டி முழங்காலில் தடவிக்கொள்ளும் வலி நிவாரண ஜெல் எப்படி வேலை செய்கிறது? வயலில் பூச்சிமருந்து அடிப்பவர், ஒரு சொட்டும் குடிக்காமலே ஏன் மயங்கி விழுகிறார்? மூன்றும் ஒரே கதவின் கதைதான்.

செங்கல்லும் காரையும்

நம் உடலின் உறுப்புகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று தோல். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் போட்டால் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் இருக்கும். ஆனால் நம்மைக் காப்பது இந்தத் தோல் முழுவதும் அல்ல. அதன் மேலே இருக்கும் மிக மெல்லிய ஓர் ஏடுதான். இதைக் கொம்புப் படலம் என்பார்கள். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் இதன் கனம் மில்லிமீட்டரில் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான்.

இந்தப் படலத்தில் இருப்பவை இறந்த செல்கள். தட்டையாகி, உலர்ந்து, பதினைந்து இருபது அடுக்குகளாக ஒன்றன் மேல் ஒன்று படிந்திருக்கின்றன. இவற்றைச் செங்கற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கற்களுக்கு நடுவே காரை வேண்டுமல்லவா? இங்கே காரையாக இருப்பது கொழுப்புப் பொருள். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் கலந்து செல்களின் இடைவெளிகளை அடைத்திருக்கின்றன.

வெளியிலிருந்து வரும் ஒரு மூலக்கூறு பெரும்பாலும் இந்தக் கொழுப்புக் காரையின் வழியேதான் வளைந்து நெளிந்து உள்ளே போக வேண்டும். நீரும் எண்ணெயும் கலக்காது என்பதை நீங்கள் சமையலறையிலேயே பார்த்திருக்கிறீர்கள். எனவே நீரை விரும்பும் உப்பும் சர்க்கரையும் கொழுப்புக் காரையின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. கொழுப்பை விரும்பும் மூலக்கூறுகள் மட்டும் நழுவிச் சென்றுவிடுகின்றன.

முந்திரி ஓட்டு எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் போன்ற பொருள்கள் உள்ளன. இவற்றின் மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் ஒன்று. தலை, அறுகோண வடிவமான பீனால் வளையம். வால், பதினைந்து கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட சங்கிலி. இந்த வால் சுத்தமான கொழுப்பு விரும்பி. அதுதான் காரைக்குள் நுழைய வழி செய்கிறது. உள்ளே உயிருள்ள செல்களைச் சேர்ந்ததும் தலை தன் வேலையைத் தொடங்குகிறது. கொப்புளம் வருகிறது. முந்திரியின் உறவுக்கார மரமான சேராங்கொட்டை பட்டால் தோல் புண்ணாவதும் இதே வழியில்தான்.

வாசலில் மூன்று சோதனைகள்

கொழுப்பை விரும்பினால் மட்டும் போதுமா? போதாது. தோலைத் தாண்ட நினைக்கும் எந்த மருந்தும் மூன்று சோதனைகளில் தேற வேண்டும்.

முதல் சோதனை, பருமன். ஹைட்ரஜன் அணுவின் எடையை ஒன்று எனக் கொண்டால், நீர் மூலக்கூறின் எடை 18. தோலைத் தாண்டும் மூலக்கூறு பொதுவாக 500-க்குள் இருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். புகையிலையில் இருக்கும் நிகோடின் 162. வலி நிவாரண மருந்தான டைக்ளோபினாக் 296. இவை தாண்டிவிடும். சர்க்கரை நோய்க்கான இன்சுலின் 5,800-க்கும் மேல். அதை எத்தனை நாள் தோலில் தேய்த்தாலும் பயனில்லை. அதனால்தான் அதை ஊசியில் போடுகிறார்கள்.

இரண்டாவது சோதனை, விருப்பம். மருந்து கொழுப்பை விரும்ப வேண்டும் என்றோம். ஆனால் அளவு மீறியும் விரும்பக் கூடாது. கொம்புப் படலத்தின் கீழே இருக்கும் உயிருள்ள செல்களும் இரத்தமும் பெரும்பாலும் நீர்தான். கொழுப்பை மட்டுமே விரும்பும் மூலக்கூறு காரையிலேயே தங்கிவிடும். இரு வீட்டுக்கும் வேண்டியவராக இருப்பதே நல்லது.

மூன்றாவது சோதனை, வீரியம். தோலின் வழியாக ஒரு நாளில் உள்ளே போகும் மருந்தின் அளவு மிகச் சொற்பம். எத்தனை நன்றாக நுழையும் மருந்தானாலும் சில மில்லிகிராம், அல்லது சில பத்து மில்லிகிராம்தான். ஆகவே சிறிய அளவிலேயே வேலை செய்யும் மருந்துகள்தாம் இந்த வழிக்கு ஏற்றவை. ஒரு வேளைக்கு அரை கிராம் தேவைப்படும் காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

வாய் இருக்கத் தோல் எதற்கு?

மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். விழுங்கிய மாத்திரை முதலில் வயிற்றின் அமிலத்தைச் சந்திக்கிறது. பிறகு குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் ஒரு கண்டிப்பான சுங்கச்சாவடி. சில மருந்துகளில் பெரும்பகுதியை அங்கேயே சிதைத்துவிடும். வலி இருப்பதோ முழங்காலில் மட்டும். மருந்து சுற்றுவதோ உடல் முழுவதும். வயிற்றில் புண் வந்தால் அது வேறு தொல்லை.

தோலின் வழியே அனுப்பினால் இந்தச் சுற்றுப் பயணம் இல்லை. டைக்ளோபினாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழங்காலில் நாள்தோறும் நான்கு முறை, முறைக்கு 4 கிராம் ஜெல் தடவினால் இரத்தத்தில் சேரும் மருந்து, 50 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை விழுங்கும்போது சேர்வதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் என்று அளந்திருக்கிறார்கள். உடலின் மற்ற உறுப்புகள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன.

நம் வீடுகளில் தலைவலிக்குச் சுக்கு உரைத்துப் பற்றுப் போடுவதும், சளிக்குத் தைலம் தேய்ப்பதும் பழைய வழக்கம். ஆனால் தோலில் பட்ட பொருள் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் வேலை செய்யும் என்பதை மருத்துவர்களுக்கு அழுத்தமாக உணர்த்தியவற்றுள் ஒன்று வெடிமருந்துத் தொழிற்சாலை. நைட்ரோகிளிசரின் செய்யும் தொழிலாளர்களுக்கு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் மண்டை பிளக்கும் தலைவலி வந்தது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போன நைட்ரோகிளிசரின் இரத்தக் குழாய்களை விரியச் செய்ததே காரணம். அதே பொருள் இதயக் குழாய்களையும் விரியச் செய்யும் அல்லவா? மார்வலிக்கு மருந்தாக அது ஏற்கெனவே பயன்பட்டு வந்தது. பின்னாளில் தோலில் தடவும் களிம்பாகவும் அதைச் செய்தார்கள்.

1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு மருந்து ஒட்டுவில்லைக்கு அனுமதி கிடைத்தது. பயணத்தில் வரும் வாந்தியைத் தடுக்கும் ஸ்கோபாலமின் மருந்து அதில் இருந்தது. காதின் பின்புறம் ஒட்டிக்கொண்டால் மூன்று நாள் மருந்து சிறிது சிறிதாக இறங்கும். பின்னர் புகைப்பழக்கத்தை விட விரும்புவோருக்கு நிகோடின் வில்லை வந்தது. ஒட்டுவில்லைகளுக்குப் பக்கத்துணையாக வளர்ந்தவைதான் ஜெல்கள்.

ஜெல் என்பது என்ன?

முந்திரி மரத்தின் அடிமரத்தைப் பாருங்கள். பட்டை வெடித்த இடத்தில் மஞ்சள் பாகு போலப் பிசின் வடிந்து உறைந்திருக்கும். கோடையில் கடைகளில் விற்கும் பாதாம் பிசினும் இந்த வகைதான். ஒரு துண்டு பாதாம் பிசினை இரவில் நீரில் போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். பல மடங்கு உப்பிப் பளிங்கு போல மின்னும். கையில் எடுத்தால் வழியாது. ஆனால் அதில் பெரும்பகுதி நீர்தான்! நீரை வழியவிடாமல் பிடித்து வைத்திருப்பது எது?

பிசின் என்பது சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் கோத்துப் பின்னிய நீண்ட சங்கிலி. இந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி, மீன் வலை போல ஆகிவிடுகின்றன. வலையின் கண்களில் நீர் சிக்கிக்கொள்கிறது. இதுதான் ஜெல். திடப்பொருளும் அல்ல, திரவமும் அல்ல. வலைக்குள் அகப்பட்ட நீர். கூழ்மங்களைப் பற்றி ஆராய்ந்த ஸ்காட்லாந்து வேதியியலர் தாமஸ் கிரஹாம் இதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தார். ஜெலட்டின் என்ற சொல்லின் சுருக்கம் அது.

மருந்துத் தொழிற்சாலைகளில் மிகுதியாகப் பயன்படும் வலை கார்போமர் என்னும் செயற்கைப் பாலிமர். இது பஞ்சு போன்ற வெள்ளைத் தூள். நூறு கிராம் நீருக்கு ஒரு கிராம் அல்லது அரை கிராம் போதும். நீரில் தூவிக் கலக்கினால் முதலில் கலங்கலான, மெலிந்த திரவம்தான் கிடைக்கும். அது அமிலத்தன்மை கொண்டது. அதில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். நூல்கண்டு போலச் சுருண்டிருந்த சங்கிலிகளின் மேல் எதிர்மின் தன்மை ஏறுகிறது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று படித்திருக்கிறீர்களே! சங்கிலிகள் விறைத்து நீளுகின்றன. கண்ணெதிரே கலங்கல் தெளிந்து, திரவம் ஜெல்லாகி நிற்கும்.

இதே வேலையை முந்திரிப் பிசின் செய்யுமா? நம் நாட்டு மருந்தியல் ஆய்வாளர்கள் சிலர் முந்திரிப் பிசினை வலையாக வைத்து, அசிக்ளோபினாக் என்ற வலி மருந்தின் ஜெல்லைச் செய்து சோதித்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மரம்! அதன் ஓட்டு எண்ணெய் தோலைத் துளைத்துப் புண்ணாக்குகிறது. அதன் பிசினோ தோலின் மேல் மருந்தைத் தாங்கி நிற்கும் வேலைக்குப் பரிசோதிக்கப்படுகிறது.

பயணி இறங்க வேண்டும்

ஜெல்லை ஒரு பேருந்து என்றும், மருந்தைப் பயணி என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜெயங்கொண்டத்தில் ஏறிய பயணி கும்பகோணத்தில் இறங்க வேண்டும். இருக்கை மெத்தென்று இருக்கிறதே என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டால் பயணம் வீண். மருந்தும் இப்படித்தான். ஜெல்லில் கரையவும் வேண்டும். தோல் வந்ததும் ஜெல்லை விட்டு இறங்கவும் வேண்டும். ஜெல்லின் மேல் அதிகப் பற்று வைத்த மருந்து தோலுக்குள் போகாது. ஜெல் செய்பவரின் திறமை முழுவதும் இந்தச் சமநிலையில்தான் இருக்கிறது.

இதற்குச் சில உதவியாளர்கள் உண்டு. ஆல்கஹால் கலந்த ஜெல்லைத் தடவினால் குளுமையாக இருக்கும். ஆல்கஹாலும் நீரும் ஆவியாகும்போது எஞ்சியிருக்கும் ஜெல்லில் மருந்தின் செறிவு ஏறுகிறது. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுவது மூலக்கூறுகளின் இயல்பு. எனவே மருந்து தோலை நோக்கித் தள்ளப்படுகிறது. புரொப்பிலீன் கிளைக்கால், ஒலியிக் அமிலம், புதினா வகைச் செடிகளிலிருந்து கிடைக்கும் மெந்தால் ஆகியவை கொழுப்புக் காரையைச் சற்றுத் தளர்த்தி வழிவிடச் செய்கின்றன. வெறும் நீரும் கூட ஓர் உதவியாளர்தான். ஊறிய தோல், உலர்ந்த தோலைவிட எளிதில் வழிவிடும்.

வீட்டில் வலி நிவாரண ஜெல்லின் குழாய் இருந்தால் அதன் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் 'டைக்ளோபினாக் டைஎதிலமின் 1.16%' என்று முதல் வரி இருக்கும். அதாவது 30 கிராம் குழாயில் உண்மையான மருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு கிராம்தான். மிச்சமெல்லாம் பேருந்தும் உதவியாளர்களும்!

கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தேர்வு

செய்த ஜெல் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆய்வுக்கூடத்தில் பல சோதனைகள் நடக்கும். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது. ஜெல் அதற்கு ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அரிக்கும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு துளி ஜெல்லை வைத்து, எடையேற்றி, எவ்வளவு பரவுகிறது என்று அளப்பார்கள். 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்து, கெடுகிறதா என்று பார்ப்பார்கள். நம் அரியலூர்க் கோடையை நினைத்தால் இந்தச் சோதனையின் அருமை புரியும்.

இவற்றுள் முக்கியமானது ஊடுருவல் சோதனை. இதற்கு ஃபிரான்ஸ் கலம் என்ற கண்ணாடிக் கருவி இருக்கிறது. மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. நடுவில் கதவு போல ஒரு துண்டுத் தோல். மனிதத் தோலை ஒத்திருப்பதால் பன்றியின் காதுத் தோலைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். மேலறையில் ஜெல்லைத் தடவுவார்கள். கீழறையில் இரத்தத்துக்குப் பதிலாக ஒரு திரவம் சுழன்றுகொண்டிருக்கும். தோலின் மேற்பரப்பு வெப்பம் 32 டிகிரியில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். மணிக்கு ஒரு முறை கீழேயிருந்து சிறிது திரவத்தை எடுத்து, எவ்வளவு மருந்து இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். இந்தத் தேர்வில் தோற்று, பேருந்தை மாற்றி, மறுபடி எழுதி, மறுபடி தோற்று, கடைசியில் தேறிய ஜெல்தான் மனிதர்களிடம் சோதிப்பதற்குப் போகும்.

எல்லா இடமும் ஒரே கதவல்ல

கதவு எல்லா இடத்திலும் ஒரே கனமா? 1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இருவர் இதை அளந்தார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மருந்தை உடலின் பல இடங்களில் பூசி, எவ்வளவு உள்ளே போகிறது என்று ஒப்பிட்டார்கள். முன்கையில் போவதை 1 என்று வைத்துக்கொண்டால், உள்ளங்காலில் 0.14 தான். உள்ளங்கையில் 0.83. முதுகில் 1.7. நெற்றியில் 6. தாடையில் 13. விதைப்பையில் 42!

இந்த எண்களை மறந்துவிடாதீர்கள். இன்னும் சற்று நேரத்தில் இவை தேவைப்படும். இப்போதைக்கு ஒரு பாடம்: முகத்துத் தோல் மிக மென்மையான கதவு. நிறம் வெளுக்கும் என்று நம்பி ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரைக் கேட்காமல் முகத்தில் பூசுவோருக்குத் தோல் மெலிந்து, சிவந்து, முகப்பரு பெருகுவதை மருத்துவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். குழாயில் வருவதால் மட்டும் மருந்து விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது.

கதவுக்கு நல்லவர், கெட்டவர் தெரியாது

இனி, வயலுக்கு வருவோம். தோல் என்னும் கதவு கேட்பது பருமனையும் விருப்பத்தையும்தான். 'நீ மருந்தா, நஞ்சா?' என்று அது கேட்பதே இல்லை.

முந்திரியில் தேயிலைக் கொசு என்னும் பூச்சி துளிரையும் பூவையும் உறிஞ்சிக் கருக வைக்கும். பருத்தியில் காய்ப்புழு. இவற்றுக்கு அடிக்கும் மருந்துகளில் ஒரு வகை ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுகள். அவற்றுள் ஒன்றான குளோர்பைரிபாஸின் மூலக்கூறு எடை 351. கொழுப்பை விரும்புவது. சிறிய அளவிலேயே வேலை செய்வது. நாம் பார்த்த மூன்று சோதனைகளிலும் தேறிவிடுகிறது பாருங்கள்!

உள்ளே போனதும் என்ன செய்கிறது? நம் நரம்பு ஒரு தசையை இயக்க அசிட்டைல்கோலின் என்ற தூதுப் பொருளை அனுப்புகிறது. செய்தி சேர்ந்ததும் ஒரு நொதி வந்து அந்தத் தூதுவரை அழித்துவிடும். விளக்கைப் போட்டவர் அணைப்பது போல. ஆர்கனோபாஸ்பேட் இந்த நொதியை முடக்குகிறது. அணைக்க ஆளில்லாமல் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கின்றன. வியர்வை கொட்டும். வாயில் நீர் ஊறும். கண்மணி சுருங்கிப் பார்வை மங்கும். தசைகள் துடிக்கும். மூச்சுத் திணறும். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டில் நம் பெரம்பலூர்ப் பருத்தி வயல்களிலும் உயிரிழப்பு நேர்ந்தது. இத்தகைய விபத்துகளில் நஞ்சு மூச்சோடு தோல் வழியாகவும் உள்ளே போகிறது.

இப்போது அந்த எண்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதுகில் மாட்டிய தெளிப்பான் ஒழுகினால் நஞ்சு எங்கே வழியும்? முதுகில் தொடங்கி இடுப்பு வழியாகத் தொடையிடுக்குக்கு. கதவு அகலத் திறந்திருக்கும் இடம் அதுதான். எதிர்க்காற்றில் அடித்தால் சாரல் நெற்றியிலும் தாடையிலும் படும். மேலே வெயில், உடலில் வியர்வை. ஊறிய தோல் இன்னும் எளிதில் வழிவிடும்.

உள்ளே விடாத ஜெல்

மருந்தை உள்ளே அனுப்பும் ஜெல்லைப் பார்த்தோம். நஞ்சை உள்ளே விடாத ஜெல் ஒன்றைச் செய்ய முடியுமா? பெங்களூரில் இன்ஸ்டெம் என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிரவீண் குமார் வெமுலாவும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்.

வெறும் ஜெல்லைப் பூசி மறைத்தால் போதாது. கொழுப்பை விரும்பும் நஞ்சு அதைக் கடந்துவிடும். தோலைத் தொடுமுன் நஞ்சை உடைக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட்டை உடைக்கும் ஆற்றல் ஆக்சைம் என்னும் வேதித் தொகுதிக்கு உண்டு. மருத்துவமனையில் இந்த நஞ்சுக்குக் கொடுக்கும் மாற்று மருந்துகளில் ஒன்றும் ஆக்சைம்தான். ஆனால் சிறிய மூலக்கூறை அப்படியே ஜெல்லில் கலந்தால் அதுவே தோலுக்குள் போய்விடக்கூடும். எனவே அவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற நீண்ட சங்கிலியில் ஆக்சைமைக் கட்டிவிட்டார்கள். சங்கிலி மிகப் பெரியது. முதல் சோதனையிலேயே தோற்றுவிடும். ஆகவே ஆக்சைம் தோலின் மேலேயே காவல் நிற்கும்.

எலிகளின் தோலில் மீதைல் பாரத்தியான் என்ற நஞ்சைப் பூசிச் சோதித்தார்கள். பாதுகாப்பு இல்லாத எலிகள் நான்கு நாட்களுக்குள் இறந்தன. இந்த ஜெல் பூசிய எலிகள் பிழைத்தன. 20 முதல் 40 டிகிரி வரையிலான வெப்பத்தில் ஜெல் தன் வேலையைச் செய்தது. 2018-இல் இந்த முடிவுகள் வெளியாயின. சோதனைக்கு எடுத்துக்கொண்ட மீதைல் பாரத்தியானும் நம் நாட்டில் அதே ஆண்டில் தடை செய்யப்பட்டது.

எலியில் வென்றது மனிதரிடம் வெல்லும் என்று உடனே சொல்லிவிட முடியாது. நாள்தோறும் ஜெல் பூசிக்கொண்டு வயலில் இறங்குவதும் எளிதல்ல. ஆகவே அதே கருத்தை அந்தக் குழு துணியில் ஏற்றியது. நஞ்சை உடைக்கும் வேதித் தொகுதியைப் பருத்தி நூலோடு பிணைத்து, துவைத்து மறுபடி உடுத்தக்கூடிய ஆடை செய்தார்கள். 'கிசான் கவச்' என்ற பெயரில் 2024 டிசம்பரில் அது அறிமுகமானது. அறிவிக்கப்பட்ட விலை 4,000 ரூபாய். ஒரு கூலித் தொழிலாளியின் கைக்கு அது எட்ட வேண்டும் என்பது அறிவியல் மட்டும் தீர்க்கும் கணக்கு அல்ல.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் வீட்டில் யாராவது மருந்தடிக்கப் போகிறார்களா? இந்தக் கட்டுரையில் படித்ததை அவர்களிடம் சொல்லுங்கள். தெளிப்பானில் ஒழுகல் இருக்கிறதா என்று முதலில் வெறும் நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, கையுறை, முகமறைப்பு வேண்டும். காற்றுக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது. துணி நனைந்தால் வேலை முடியட்டும் என்று காத்திராமல் அப்போதே கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு நிறைய நீரில் கழுவ வேண்டும். எண்ணெய் போன்ற நஞ்சு வெறும் நீரில் போகாது. அதற்குச் சோப்பு வேண்டும். அந்தத் துணிகளை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் 108-ஐ அழைத்து, மருந்துப் புட்டியின் சீட்டையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவருக்கு நேரம் மிச்சமாகும்.

செய்து பாருங்கள்

கடையில் கிடைக்கும் சைனா கிராஸ் என்ற கடற்பாசியை, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, வெந்நீரில் காய்ச்சுங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் அதை மெல்லியதாகவும், இன்னொன்றில் இரண்டு மடங்கு கெட்டியாகவும் ஊற்றி உறைய விடுங்கள். மூன்றாவது தம்ளரில் வெறும் நீர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு நீல மை விடுங்கள். நீரில் மை சற்று நேரத்தில் கலந்துவிடும். ஜெல்லில் மெல்ல மெல்ல இறங்கும். தம்ளரின் பக்கத்தில் அளவுகோலை வைத்து, மணிக்கு ஒரு முறை எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று குறித்து, வரைபடம் போடுங்கள். எந்த ஜெல்லில் வேகம் குறைவு? ஏன்? (பரிசோதனை செய்த ஜெல்லைச் சாப்பிட வேண்டாம்!)

உங்கள் மேசையில் மை இறங்குவதும், பாட்டியின் முழங்காலில் மருந்து இறங்குவதும் ஒரே விதிப்படிதான். வயலில் அப்பாவின் முதுகில் நஞ்சு இறங்குவதும் அதே விதிப்படிதான். விதியை மாற்ற நம்மால் முடியாது. எதை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.